நடுப்படம் வரைந்தவர்கள்

1914 பிப்ரவரி 8. சிகாகோ நகரின் பாலஸ் தியேட்டர் மேடையில் ஒருவர் கையில் சாட்டையுடன் நிற்கிறார். அவருக்குப் பின்னால் வெண்திரை. அவர் அதட்டி அழைத்ததும் பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு டைனோசர் தலையை நீட்டுகிறது. வணக்கம் வைக்கச் சொன்னால் வைக்கிறது. காலைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறது. கொஞ்ச நேரத்தில் அடம்பிடித்து, திட்டு வாங்கி, அழவும் அழுகிறது. மேடையில் நின்றவர் வின்சர் மெக்கே, நியூயார்க் பத்திரிகைகளில் சித்திரத் தொடர் வரைந்து பெரும்புகழ் பெற்றவர். டைனோசரின் பெயர் கெர்ட்டி.

கெர்ட்டியின் ஒவ்வொரு அசைவும் தாளில் பேனாவால் வரையப்பட்டது. படத்தைத் தனியாகவும் பின்னணியைத் தனியாகவும் வைத்துக்கொள்ள உதவும் செல்லுலாய்டு தாள் அப்போது தொழிலுக்குள் வந்திருக்கவில்லை. ஆகவே டைனோசர் ஒரு இம்மி நகர்ந்தாலும் பாறை, ஏரி, மரம் எல்லாவற்றையும் புதுத் தாளில் மறுபடி வரைய வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்த ஓவிய மாணவர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டார். டைனோசர் மெக்கேயின் பங்கு.

ஆயிரக்கணக்கான தாள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வரைந்துகொண்டே போனால் என்ன ஆகும்? முப்பதாவது தாளுக்கு வரும்போது விலங்கின் தலை சற்றுப் பெருத்திருக்கும், கழுத்து நீண்டிருக்கும், நான்கு விநாடியில் முடிய வேண்டிய அசைவு ஆறு விநாடிக்கு இழுத்திருக்கும். மெக்கே இதற்கு ஒரு வழி கண்டார். ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் முதலில் வரைந்தார். பிறகு இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கும் நிலை. பிறகு தொடக்கத்துக்கும் நடுவுக்கும் இடையில் ஒன்று, நடுவுக்கும் முடிவுக்கும் இடையில் ஒன்று. இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனார். கெர்ட்டி மூச்சுவிடும் காட்சிக்குத் தன் மூச்சு உள்ளே போய் வெளியே வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார்.

இன்று கைப்பேசியில் வீடியோ எடிட்டிங் பழகும் ஒருவர் கீஃப்ரேம் போடும்போது செய்வது இதே வேலை. பிளேஹெட்டை ஓர் இடத்தில் நிறுத்தி டைமண்ட் பட்டனைத் தட்டுகிறார். படம் இடது ஓரத்தில் இருக்கிறது. ஒரு விநாடி தள்ளிப்போய்ப் படத்தை வலது ஓரத்துக்கு இழுக்கிறார். அங்கே இன்னொரு டைமண்ட் விழுகிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் நடுவில் 24 ஃபிரேம்கள். அந்த இருபத்து நான்கையும் செயலி நிரப்பிவிடுகிறது. மெக்கேக்கு நிரப்பித் தர ஆள் இல்லை, அவரே நிரப்பினார். அவருக்கும் இந்தச் செயலிக்கும் இடையில் ஒரு தொழில் முழுசாகப் பிறந்து, வளர்ந்து, பெரும்பகுதி மறைந்தும் போனது. அந்தத் தொழிலைச் செய்தவர்கள் நடுப்படம் வரைந்தவர்கள். ஆங்கிலம் பேசும் ஸ்டுடியோக்களில் அவர்களை இன்பிட்வீனர் என்றார்கள்.

மெக்கே தன் முறையை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார், காப்புரிமையும் வாங்கவில்லை. ஜான் பிரே என்ற இன்னொரு படத்தயாரிப்பாளர் இதைப்போன்ற முறைகளுக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டு மெக்கேமீதே வழக்குப் போட்டார். வழக்கில் பிரே தோற்றார். மெக்கேக்கு ராயல்டி தர வேண்டியதாயிற்று. ஆனால் அனிமேஷனை ஒரு தொழிற்கூட வேலையாக மாற்றியதில் பிரேக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடன் சேர்ந்த ஏர்ல் ஹர்ட் 1914இல் செல்லுலாய்டு தாளுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னணியை ஒரே ஒரு முறை வரைந்தால் போதும் என்ற நிலை வந்தது. வேலையைப் பங்குபோட முடியும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெளிவானது.

அடுத்த பங்கீடு 1920களில் நியூயார்க்கில் மேக்ஸ் ஃபிளைஷரின் ஸ்டுடியோவில் நடந்தது. அங்கே டிக் ஹியூமர் என்ற அனிமேட்டரின் கைவண்ணம் ஃபிளைஷருக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர் இன்னும் அதிகம் வரைய வேண்டுமென்றால் அவரை எல்லாத் தாளையும் வரையவிடக் கூடாது என்று ஃபிளைஷர் கணக்குப் போட்டார். ஹியூமர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரையட்டும், இடையில் வருவதை ஓர் இளைஞர் வரையட்டும் என்று ஏற்பாடாயிற்று. அந்த இளைஞர் ஆர்ட் டேவிஸ். அனிமேஷன் வரலாற்றில் முதல் இன்பிட்வீனர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுபவர் அவர்தான். பின்னாளில் வார்னர் பிரதர்ஸில் கார்ட்டூன் படங்களை இயக்கும் அளவுக்கு உயர்ந்தார்.

ஒருவர் மனதில் இருக்கும் அசைவை இன்னொருவர் கையால் முடிக்க வேண்டும் என்றால் இருவருக்கும் நடுவில் ஒரு குறியீட்டு மொழி வேண்டும். அது தாளின் ஓரத்தில் பிறந்தது. அனிமேட்டர் தன் முக்கியப் படத்தின் ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுவார். மேல்முனை முதல் நிலை, கீழ்முனை அடுத்த நிலை. இடையில் சிறு சிறு குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு நடுப்படம். கோடுகள் சம இடைவெளியில் இருந்தால் அசைவு ஒரே வேகத்தில் போகும். மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும். இரு முனைகளிலும் நெருங்கி நடுவில் விரிந்தால், மெதுவாகப் புறப்பட்டு, விரைந்து, மெதுவாக வந்து நிற்கும். இன்று எடிட்டிங் மென்பொருளின் கிராஃப் எடிட்டரில் வளைந்து நிற்கும் கோடு சொல்வதும் இதைத்தான். பென்சிலால் இரண்டு அங்குலத்தில் போட்ட கோடு இப்போது திரையில் விரிந்து கிடக்கிறது.

பேசும்படம் வந்ததும் விநாடிக்கு 24 ஃபிரேம் என்பது நிலைத்தது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் போதும். வேகமான அசைவுக்கு 24ம் வேண்டும். 1937 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் வெளியான டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' 83 நிமிடம் ஓடும் படம். ஃபிரேம் கணக்கில் 1,19,520. ஒரே ஃபிரேமில் ஏழு குள்ளர்களும் ஒரு பெண்ணும் இருந்தால் எட்டு உருவங்களையும் தனித்தனியே வரைய வேண்டும். இத்தனையையும் சில பத்து தலைமை அனிமேட்டர்கள் வரைந்து முடித்திருக்கவே முடியாது. அந்தப் படத்தில் கண் இமைக்கும்போதும் பாவாடை சுழலும்போதும் பார்வையாளர் பார்ப்பது பெரும்பாலும் பெயர் தெரியாத இளைஞர்கள் வரைந்த நடுப்படங்களை.

நடுப்படம் வரைந்தவரின் நாற்காலி சும்மா கூலிக்கான இடம் மட்டுமல்ல, பள்ளிக்கூடமும் அதுதான். டிஸ்னியில் பின்னாளில் மாமேதைகள் என்று கொண்டாடப்பட்டவர்களில் ஒருவரான ஆலி ஜான்ஸ்டன் 1935இல் சேர்ந்தது நடுப்படம் வரையத்தான். தேர்ந்தவர் ஒருவரின் இரண்டு படங்களை ஒளிமேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே வெற்றுத்தாள் போட்டு, அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் இரண்டையும் பார்த்துக்கொண்டே மூன்றாவதை வரைய வேண்டும். புதிதாக வருபவர் இரண்டு கோட்டுக்கும் சரிபாதியில் கோடு இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார். படம் திரும்பி வரும். தலை இடமிருந்து வலம் திரும்புகிறதென்றால் நடுவில் முகவாய் சற்றுத் தாழ வேண்டும், அசைவு வில்போல வளைந்து போக வேண்டும். கை சுழலும்போது அதன் நீளம் குறையக் கூடாது. கன்னம் உப்பினால் அதே அளவு வேறெங்காவது ஒடுங்க வேண்டும். இவை பாடமாக எழுதிக் கொடுத்தால் மட்டும் வந்துவிடாது. நூற்றுக்கணக்கான முறை திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டுக் கையில் ஏறியது. ஜான்ஸ்டனும் அவர் நண்பர் ஃபிராங்க் தாமஸும் 1981இல் எழுதிய பெருநூலில்தான் அனிமேஷனின் பன்னிரண்டு கோட்பாடுகள் என்று இவை அச்சேறின.

பள்ளிக்கூடம் என்றால் யாருக்குச் சேர்க்கை என்ற கேள்வியும் உண்டு. டிஸ்னியில் அப்போது நடுப்படத் துறை ஆண்களுக்கானது. செல்லுலாய்டில் மை தீட்டுவதும் வண்ணம் பூசுவதும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. 1938இல் வேலை கேட்டு எழுதிய ஓர் இளம்பெண்ணுக்கு ஸ்டுடியோ அனுப்பிய பதிலில், படைப்பு வேலைகளை ஆண்களே செய்கிறார்கள், பெண்களைப் பயிற்சிப் பள்ளிக்குப் பரிசீலிப்பதில்லை என்ற கருத்து ஒளிவுமறைவின்றி இருந்தது. ரெட்டா ஸ்காட் அந்தச் சுவரைத் தாண்டினார். 1942இல் வந்த 'பாம்பி'யில் பெண்மானை விரட்டும் வேட்டைநாய்க் கூட்டம் அவர் வரைந்தது. டிஸ்னி படத்தில் அனிமேட்டராகப் பெயர் போடப்பட்ட முதல் பெண் அவர். கை சாதாரணக் கை அல்ல என்பதை அந்த நாய்களைப் பார்த்தாலே தெரியும். மை தீட்டும் அறையில் எத்தனை கைகள் அப்படியே இருந்துவிட்டன என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

கூலிப் பிரச்சினையும் அடியில் புகைந்துகொண்டே இருந்தது. 1937இல் ஃபிளைஷர் ஸ்டுடியோ ஊழியர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1941 மே 29 அன்று டிஸ்னி வாசலில் மறியல் தொடங்கியது. அதற்கு முன்னால் தொழிற்சங்கத்தில் முன்நின்றதற்காக வேலையை இழந்தவர் ஆர்ட் பாபிட், ஸ்டுடியோவின் தலைசிறந்த அனிமேட்டர்களில் ஒருவர், நல்ல சம்பளக்காரர். தனக்குக் குறையேதும் இல்லாதபோதும் கீழே இருந்த உதவியாளர்களுக்காக நின்றார் என்பது அவருக்கு என்றைக்கும் பெருமை. இவர் பின்னால் மறுபடி வருவார்.

நடுப்படத்தை இயந்திரம் வரையலாமே என்ற எண்ணம் ஹாலிவுட்டில் பிறக்கவில்லை. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், அரசின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பிறந்தது. நெஸ்டர் பர்ட்னிக் அங்கே பொறியாளர். 1969இல் கலிஃபோர்னியாவில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தபோது டிஸ்னி அனிமேட்டர் ஒருவர் பேசியதைக் கேட்டார். தலைமை ஓவியர் முக்கிய நிலைகளை வரைவதையும், உதவியாளர்கள் இடைவெளியை நிரப்புவதையும் அவர் விவரித்தார். கணினிக்கு ஏற்ற வேலை இது என்று பர்ட்னிக்குக்கு உடனே பட்டது. ஊர் திரும்பியதும் சகா மார்செலி வெய்னுடன் சேர்ந்து கீஃப்ரேம் அனிமேஷனுக்கான ஒரு முறையை உருவாக்கினார். 1971இல் அதைப்பற்றிய கட்டுரை வெளிவந்தது.

கருவி தயார். அதை எடுத்துப் புழங்க ஓர் ஓவியர் வேண்டும். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் பீட்டர் ஃபோல்டெஸை அனுப்பியது. புடாபெஸ்டில் பிறந்து, பிரிட்டன் போய், பிறகு பாரிஸில் தங்கியவர். 1956லேயே மனைவி ஜோனுடன் சேர்ந்து அணுகுண்டைப் பற்றி மனதை உலுக்கும் ஒரு குறும்படம் எடுத்தவர். அவர் ஒட்டாவாவில் முதலில் 'மெட்டாடேட்டா' என்ற சோதனைப் படத்தையும், பிறகு 1974இல் 'பசி'யையும் முடித்தார்.

'பசி' பதினோரு நிமிடப் படம். ஒரு மனிதன் சாப்பிடுகிறான். இன்னும் சாப்பிடுகிறான். உடம்பு வீங்குகிறது, வாய் பெருக்கிறது, ஒரு வாயே பல வாயாகிறது. கடைசியில் பட்டினி கிடப்பவர்களின் கூட்டம் அவனைச் சூழ்ந்துகொள்கிறது. படத்தில் வெட்டே இல்லாதது போன்ற உணர்வு வரும். ஒரு கோட்டுருவம் உருகி இன்னொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். கான் விழாவில் நடுவர் பரிசு கிடைத்தது. ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் குறும்படப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் கணினி அனிமேஷன் படமும் இதுதான்.

அந்த உருகலுக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் குறை ஒளிந்திருந்தது. ஃபோல்டெஸின் பெருமை அந்தக் குறையையே படத்தின் மொழியாக்கியது. ஒரு கை கிடைமட்டமாக நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவே முதல் கீஃப்ரேம். இரண்டாவதில் கை நேராக மேலே தூக்கியிருக்கிறது. கணினி விரல்நுனியின் இரண்டு இடங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கும். விரல்நுனி உண்மையில் வட்ட வில்லில் போக வேண்டும். கணினியோ குறுக்குவழியில் போகிறது. கணக்குப் போட்டால் நடுப்படத்தில் கையின் நீளம் ஏறக்குறைய 71 சதவீதமாகச் சுருங்கிப்போகும். கை அரைவட்டம் சுற்ற வேண்டுமென்றால் நடுவில் நீளம் பூஜ்யம். கையே காணாமல் போகும். ஒளிமேசையில் உட்கார்ந்த பயிற்சியாளர் முதல் மாதத்தில் கற்றுக்கொண்ட விஷயம் இது. உருவங்கள் உருகி மாறும் கதையில் இந்தச் சுருக்கம் அழகாகவே இருந்தது. நடக்கும் மனிதனுக்கு ஒத்துவராது. 1976இல் பர்ட்னிக்கும் வெய்னும் உருவத்துக்குள் ஒரு எலும்புக்கூட்டை வைத்து, எலும்பை அசைத்தால் கோடுகள் கூடவே வரும்படி செய்தார்கள். இன்று 2டி அனிமேஷனில் 'போன்' என்று சொல்லிப் பயன்படுத்துவதன் முன்னோடி அது. இருவருக்கும் 1997இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

கோட்டோவியத்தில் சிக்கல் இதோடு முடியவில்லை. பின்னாளில் பிக்ஸாரை உருவாக்கியவர்களில் ஒருவரான எட் கேட்முல், நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபோது நடுப்படம் போடும் மென்பொருளில் உழைத்தவர். 1978இல் அவர் எழுதிய கட்டுரை சிக்கலின் வேரைத் தொட்டது. அனிமேட்டர் மனதில் ஒரு முழு உருவம், முப்பரிமாணத்தில் இருக்கிறது. தாளில் விழுவது அதன் ஒரு பக்கத்துத் தோற்றம். முகம் திரும்பும்போது மறைந்திருந்த காது வெளியே வரும் என்பது மனிதருக்குத் தெரியும். இரண்டு கோட்டுப்படங்களை மட்டும் பார்க்கும் கணினிக்கு அந்தக் காது எங்கிருந்து வரும்? கணினி முப்பரிமாண உருவங்களின் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே காது முதலிலேயே செய்யப்பட்டுத் தலையோடு இருக்கிறது.

ஃபோல்டெஸை அனுப்பிய அதே கனடியத் திரைப்பட வாரியத்துக்கு, எடிட்டிங் பழகுபவர்கள் எல்லோரும் இன்னொரு கடனும் பட்டிருக்கிறார்கள். கீஃப்ரேம் கற்கும் பலரின் முதல் பயிற்சி ஒரு பழைய புகைப்படத்தை மெல்ல நெருங்குவதும், அதன் மேல் இடமிருந்து வலம் ஊர்வதும்தான். 1957இல் வாரியம் வெளியிட்ட 'தங்க நகரம்' என்ற ஆவணப்படம், கனடாவின் டாசன் நகரத்துத் தங்க வேட்டைக் காலத்தின் பழைய புகைப்படங்களைக்கொண்டு அந்த நாட்களுக்கு உயிர்கொடுத்தது. இயக்கியவர்கள் காலின் லோ, வுல்ஃப் கோனிக். அசையாப் படத்தின் மேல் கேமராவை நகர்த்தும் உத்தி அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அந்த நகர்வு இயந்திரத்தனமாகத் தெரியாமல், நிஜத்தில் ஒருவர் கேமராவோடு நின்று பார்ப்பதுபோல் இருக்க, ரோமன் க்ரொய்டர் அதைக் கணக்கிட்டு அமைத்துக் கொடுத்தார். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் தன்னைப் பாதித்த படங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார். அவருடைய உள்நாட்டுப்போர் தொடர் 1990இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. 2003இல் ஆப்பிளின் ஐமூவி இந்த உத்தியை அவர் பெயரிலேயே ஒரு பட்டனாக வைத்தது. கணினியே இல்லாமல் மேசைமேல் புகைப்படத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம்பிடித்த கைகள் அந்தப் பட்டனுக்குள் இருக்கின்றன.

கணினி நிரப்பிய இடைவெளி உயிரற்றுத் தெரிந்ததற்கு இன்னொரு காரணம் வேகம். மூன்று கீஃப்ரேம்களை நேர்கோடுகளால் இணைத்தால் நடுவில் இருப்பதில் பொருள் சட்டென்று முட்டித் திசைமாறும். இதைச் சரிசெய்ய வளைகோட்டுக் கணிதம் வேண்டும். அந்தக் கணிதம் பிரெஞ்சு கார் தொழிற்சாலைகளில் தயாராக இருந்தது. காரின் மேனி வளைவை எண்களால் விவரிக்க சித்ரோயென் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ழோவும் ரெனோவில் பியர் பெஸியேவும் தனித்தனியே வழி கண்டிருந்தார்கள். கிராஃப் எடிட்டரில் கீஃப்ரேமின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிகளைப் பிடித்து இழுக்கிறவர்கள் பெஸியே வளைவைத்தான் வளைக்கிறார்கள். 1984இல் டோரிஸ் கோச்சனெக், ரிச்சர்ட் பார்ட்டெல்ஸ் இருவரும் அனிமேட்டரின் கைக்கு நேராகப் பழகும்படி இன்னொரு முறை தந்தார்கள். ஒவ்வொரு கீஃப்ரேமுக்கும் மூன்று எண்கள்: வளைவு எவ்வளவு இறுக்கம், எவ்வளவு வழவழப்பாகக் கடந்துபோக வேண்டும், முன்பக்கம் சாயவா பின்பக்கம் சாயவா. கோச்சனெக் பணியாற்றியதும் அதே கனடியத் திரைப்பட வாரியத்தில்தான். கலைஞர்களின் அருகில் உட்கார்ந்து வேலைபார்த்த ஒருவரால்தான் கணிதத்தை இப்படி மூன்று திருகாணிகளாகக் கொடுக்க முடியும்.

முப்பரிமாண அனிமேஷனில் இதன் பிறகு நடந்தது பலரும் அறிந்த கதை. 1986இல் பிக்ஸாரின் மேசைவிளக்குக் குறும்படம். அடுத்த ஆண்டு ஜான் லாசெட்டர், கையால் வரைந்த காலத்துக் கோட்பாடுகளைக் கணினிக்கு எப்படிக் கொண்டுவருவது என்று எழுதிய கட்டுரை. 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் இன்னொரு சுவையான சந்திப்பு நிகழ்ந்தது. பொம்மையைக் கையால் அசைத்து ஒவ்வொரு ஃபிரேமாகப் படம்பிடிக்கும் கலையில் கரைகண்ட ஃபில் டிப்பெட்டின் குழுவுக்குக் கணினி வந்ததும் வேலை போய்விடும் என்ற நிலை. அப்போது மூட்டுக்கு மூட்டு உணரி பொருத்திய ஒரு உலோக டைனோசர் எலும்புக்கூட்டைச் செய்தார்கள். கலைஞர்கள் அதைப் பழையபடி கையால் வளைத்து நிறுத்த, அந்த நிலை கணினிக்குள் கீஃப்ரேமாகப் போய் விழுந்தது. மெக்கேயின் கெர்ட்டிக்கு எழுபத்தொன்பது வருடம் கழித்து மறுபடி ஒரு டைனோசர், மறுபடி மனிதக் கை.

இந்தியாவுக்கு இந்தக் கலை கணினி வழியாக வரவில்லை. ஒளிமேசை வழியாகத்தான் வந்தது. 1950களில் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷன் தொடங்கிய கார்ட்டூன் பிரிவில் பயிற்சி கொடுத்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னியில் 'பாம்பி' படத்தில் வேலைசெய்தவர், பிறந்தது இந்தியாவில். அவரிடம் பழகிய ராம் மோகன் பின்னால் இந்திய அனிமேஷனின் மூத்த ஆசானானார். ஜப்பானியரான யுகோ சாகோவுடன் இணைந்து ராமாயணத்தை முழுநீள அனிமேஷன் படமாக்கினார். சென்னையோ வேறு திசையில் பாய்ந்தது. பென்டாஃபோர் நிறுவனம் 2000இல் தந்த 'சிந்துபாத்' முழுவதும் மோஷன் கேப்சர் முறையில் எடுக்கப்பட்ட முழுநீளப் படம். நடிகர் உடம்பில் குறிகள் ஒட்டி அவர் அசைவை அப்படியே பதிவுசெய்யும் முறை அது. 2014இல் 'கோச்சடையான்' அதையே பின்பற்றியது. இந்த முறையில் முக்கிய நிலை, நடுநிலை என்ற பேதமே இல்லை, ஒவ்வொரு ஃபிரேமும் பதிவாகிறது. ஆனால் எந்த நிலை முக்கியம் என்று ஒருவர் தேர்ந்தெடுக்காத அசைவில் ஓர் அழுத்தம் குறைந்துவிடுகிறது. அதைப் பார்வையாளர் உணர்கிறார், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும்.

மேசைக் கணினிக்குக் கீஃப்ரேமைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் ஒரு சிறு நிறுவனம் நடத்திய இளைஞர்கள். 1993 ஜனவரியில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வெளியானது. அதே ஆண்டு அந்த நிறுவனத்தை ஆல்டஸ் வாங்கியது. அடுத்த ஆண்டு ஆல்டஸ் அடோபியோடு இணைந்தது. 1996இல், பின்னால் ஃபிளாஷ் என்று பெயர்பெற்ற மென்பொருள் வந்தது. அதில் F6 விசையைத் தட்டிக் கீஃப்ரேம் போட்டு 'ட்வீன்' கொடுத்துப் பழகிய தலைமுறை இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. இப்போது கைன்மாஸ்டர், அலைட் மோஷன் போன்ற செயலிகள் வழியாகக் கீஃப்ரேம் கைப்பேசிக்குள் இருக்கிறது.

ஆனால் ஜப்பானில் ஒளிமேசை இன்னும் அணையவில்லை. அங்கே முக்கியப் படம் வரைபவரும் நடுப்படம் வரைபவரும் இன்றும் தனித்தனி ஆட்கள். புதிதாகச் சேர்பவர் நடுப்படத்தில்தான் தொடங்குகிறார். சம்பளம் குறைவு என்ற முறையீடும் அப்படியே இருக்கிறது. வேலையின் ஒரு பகுதி கொரியா, சீனா, வியட்நாம் என்று வெளியே போகிறது.

மற்ற பல இடங்களில் நடந்ததை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பயிற்சியாளரின் நாற்காலியில் கணினி உட்கார்ந்துவிட்டது. பயிற்சியாளர் முதல் நாளே தலைமை அனிமேட்டரின் நாற்காலிக்குத் தள்ளப்பட்டார். எடிட்டிங் பழகும் இளைஞர் கீஃப்ரேமைப் போடுகிறார், ஆனால் இடையில் என்ன நடக்க வேண்டும் என்பதைக் கையால் ஒருமுறைகூட வரைந்து பார்த்ததில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் F9 தட்டினால் 'ஈஸி ஈஸ்' விழுகிறது. கீஃப்ரேமின் இருபுறமும் 33.33 சதவீதச் செல்வாக்குடன் வேகம் பூஜ்யமாகிறது. எழுத்து, லோகோ, கார், பறவை எல்லாம் ஒரே மாதிரி மெதுவாகப் புறப்பட்டு ஒரே மாதிரி மெதுவாக நிற்கின்றன. திருமண வீடியோ தொடங்கி செய்தித் தொலைக்காட்சி வரை இந்த ஒரே நடை. பழகுகிறவர்மேல் இதில் குற்றமில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பள்ளிக்கூடம்.

அது அழிந்துவிடும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தவர் ரிச்சர்ட் வில்லியம்ஸ். லண்டனில் சொந்த ஸ்டுடியோ வைத்து நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், தன் குழுவுக்கு அடிப்படையே தெரியவில்லை என்று கருதி, ஓய்வுபெறும் வயதில் இருந்த ஹாலிவுட் கலைஞர்களைத் தேடிப் பிடித்தார். கென் ஹாரிஸ், கிரிம் நாட்விக், அப்புறம் டிஸ்னி வேலைநிறுத்தத்தின் நாயகர் ஆர்ட் பாபிட். 1970களில் பாபிட் லண்டனில் வகுப்பெடுத்தார். நடை, எடை, தயக்கம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். உதவியாளர்களுக்காக வேலையை இழந்தவரே அடுத்த தலைமுறை உதவியாளர்களுக்கு ஆசிரியராக வந்து நின்றார். வில்லியம்ஸ் 1988இல் 'ரோஜர் ராபிட்' படத்தின் அனிமேஷனை இயக்கி உலகப்புகழ் பெற்ற பிறகு, தான் கேட்டுச் சேர்த்ததையெல்லாம் வகுப்புகளாக நடத்தினார், 2001இல் புத்தகமாக்கினார். தாளின் ஓரத்தில் போட்ட அந்தச் செங்குத்துக் கோடு அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

அந்தப் பாடத்தைக் கீஃப்ரேம் பழகும் ஒருவர் இன்றைக்கே ஒரு பந்தை வைத்துத் தொடங்கலாம். காலங்காலமாக முதல் பயிற்சி அதுதான். பந்து உச்சியில், தரையில், மறுபடி சற்றுக் குறைந்த உச்சியில் என்று மூன்று கீஃப்ரேம். மூன்றுக்கும் ஈஸி ஈஸ் கொடுத்தால் பந்து தரையை நெருங்கும்போது வேகம் குறைந்து மெல்லத் தரையைத் தொட்டுத் திரும்பும். நிஜப் பந்துக்குத் தரையில்தான் வேகம் உச்சம். விழும் பொருள் சம நேரத்துக்குள் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று கூடும் என்று கலிலியோ காட்டினார். பழைய நடுப்பட ஓவியர் ஓரக்கோட்டில் குறுக்குக் கோடுகளை அதே விகிதத்தில் அகலப்படுத்திக்கொண்டே போவார். உச்சியில் உள்ள இரண்டு கீஃப்ரேம்களுக்கு மட்டும் ஈஸ் வைத்து, கைப்பிடியை நீளமாக இழுத்துவிட்டு, தரையில் உள்ளதை வளைவில்லாமல் கூராக விட வேண்டும். கிராஃபில் அங்கே ஒரு கூர்முனை தெரியும். இதை முதலில் ஒரு விநாடியின் 25 ஃபிரேம்களையும் கையால் ஒவ்வொன்றாக நகர்த்திச் செய்து பார்த்து, பிறகு மூன்று கீஃப்ரேமில் செய்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பார்த்தால் கிராஃப் எடிட்டரில் எந்தக் கைப்பிடியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது புரிய ஆரம்பிக்கும்.